ஆறு வருடமாகப் பூக்காத மக்னோலியா: மாற்றி நடலாமா?

கேள்வி, 11 பிப்ரவரி 2022

மக்னோலியா நட்டு ஆறு வருடம் ஆகிறது. என்னைவிட உயரம் வளர்ந்துவிட்டது, ஒரு மொட்டுகூட இல்லை. போன வருடத்திலிருந்து துளிர் இலைகள் மஞ்சளாக வருகின்றன, நரம்பு மட்டும் பச்சை. மரத்தடியைக் கொத்தி உரம் போட்டேன். வருடா வருடம் நுனிகளை வெட்டிவிடுகிறேன். பலனில்லை. பக்கத்து மரத்தின் நிழல் விழுவதால் வேறு இடத்துக்கு மாற்றி நட்டுவிடலாமா? பெரிய வெள்ளைப் பூ பூக்கும், தோல் மாதிரி தடித்த இலையும் இலையின் அடியில் துரு நிறமும் உள்ள வகை. செண்பகமும் இதுவும் ஒன்றுதான் என்று ஒருவர் சொன்னார், எனக்கு நம்பிக்கை வரவில்லை.

11 பிப்ரவரி 2022, இரவு

மாற்றி நடாதீர்கள். மற்றதெல்லாம் நாளைக்கு எழுதுகிறேன், இதை மட்டும் இப்போதே சொல்லிவிடத் தோன்றியது. மண்வெட்டியை எடுத்து உள்ளே வையுங்கள்.

12 பிப்ரவரி 2022

நேற்று அவசரமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் இதே வகை மரம் ஒன்று இருந்தது. நட்டு ஐந்தாம் வருடம் அந்த இடத்தில் சுவர் எழுப்ப வேண்டியிருந்தது. நல்ல பெரிய மண்ணுருண்டையோடு எடுத்தால் போதும் என்று நினைத்து, இரண்டு பேரை வைத்துச் சுற்றித் தோண்டி, சாக்கில் கட்டி, பதினைந்து அடி தள்ளி நட்டேன். தோண்டும்போதுதான் அதன் வேரைப் பார்த்தேன். மற்ற மரங்களில் இருப்பது போல நுணுக்கமான சல்லிவேர்ப் பந்து இல்லை. விரல் தடிமனில், கயிறு கயிறாக, வெளிர் மஞ்சளாக, சதைப்பற்றோடு மண்ணின் மேல்மட்டத்திலேயே வெகுதூரம் ஓடியிருந்தன. கிளை விரிவுக்கு வெளியேயும் போயிருந்தன. மண்வெட்டி பட்ட இடத்தில் கேரட்டை ஒடித்தது போல டப்பென்று ஒடிந்தன. ஒடிந்த வாயில் ஒரு மணம் வந்தது. எலுமிச்சையும் மருந்தும் கலந்தது போல.

மரம் உடனே சாகவில்லை. அதுதான் கொடுமை. இரண்டு மாதம் இலைகள் அப்படியே இருந்தன, பிழைத்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். அப்புறம் நுனியிலிருந்து ஒவ்வொரு கிளையாகக் காய ஆரம்பித்தது. பதினொரு மாதத்தில் முடிந்தது. ஒடிந்த வேர் தானாகக் கிளைவிட்டுத் தேறும் வேகம் இந்த இனத்துக்கு மிகக் குறைவு என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் மரம் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். நிழல்தான் பிரச்சினை என்றால் பக்கத்து மரத்தின் இரண்டு கிளைகளைக் கழியுங்கள். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் கிடைத்தால் இந்த வகை பூக்கும். அரை நிழலிலும் உயிரோடு இருக்கும், பூ மட்டும் குறையும்.

12 பிப்ரவரி 2022, மாலை

விட்டுப்போனது: மரத்தடியைக் கொத்துவதையும் இன்றோடு நிறுத்துங்கள். மேலே சொன்ன வேர்கள் களைக்கொத்தி இறங்கும் ஆழத்தில்தான் இருக்கின்றன. உரம் போடுவதாக நினைத்து வேரை அறுத்திருக்கிறீர்கள். மூடாக்கு போடுங்கள். மக்கிய இலை, மரப்பட்டைத் துண்டு எதுவானாலும் சரி, நான்கு விரல் உயரம். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். களை முளைத்தால் கையால் பிடுங்குங்கள்.

14 பிப்ரவரி 2022

நுனி வெட்டுவது பற்றி. இந்த மரம் கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நீங்கள் வருடா வருடம் நுனியை வெட்டியிருக்கிறீர்கள். வரவிருந்த மொட்டு அதோடு போயிருக்கலாம். குளிர்காலத்தில் இலை உதிர்த்து வசந்தத்தில் வெறுங்கிளையில் பூக்கும் வகைகளும் உண்டு. அவை அடுத்த வருடப் பூவுக்கான மொட்டை முந்தின கோடையிலேயே கட்டிவைத்துவிடும். பூனைக்குட்டியின் பாதம் போல ரோமம் மூடிய மொட்டு. குளிர்காலத்தில் அவற்றைக் கவாத்து செய்கிறவர்கள் தங்கள் பூவைத் தாங்களே குப்பையில் போடுகிறார்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பூத்து முடிந்த கையோடு வெட்டுங்கள். தடித்த கிளையை வெட்டினால் காயம் எளிதில் ஆறாது. வெட்டிய இடத்தைச் சுற்றி நேராக மேல்நோக்கி நீர்க்கிளைகள் கிளம்பும், மரத்தின் அழகே போய்விடும். உலர்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை தவிர நான் எதையும் தொடுவதில்லை.

15 பிப்ரவரி 2022

மஞ்சள் இலை. நீங்கள் நல்ல விவரம் கொடுத்திருக்கிறீர்கள்: துளிரில் மஞ்சள், நரம்பு பச்சை. இரும்புச்சத்து ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்கு நகராது, அதனால் குறை புது இலையில்தான் முதலில் தெரியும். தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை என்றால் பழைய இலை முதலில் மொத்தமாக வெளுக்கும். உங்களுடையது இரும்பு. மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை, மண் காரமாக இருப்பதால் வேரால் எடுக்க முடியவில்லை. மக்னோலியாவுக்குச் சற்றே அமிலமான மண்தான் பிடிக்கும், பிஎச் 5.5 முதல் 6.5 வரை. இரும்பு இடிடிஏ (EDTA) என்ற உரம் கிடைத்தால் தண்ணீரில் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றிப் பாருங்கள்.

3 மார்ச் 2022

மேலே எழுதியதில் ஒரு தவறு, திருத்துகிறேன். இடிடிஏ என்று சொல்லியிருந்தேன். அது அமில மண்ணில்தான் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும். பிஎச் 6.5-ஐத் தாண்டினால் பிடி தளர்ந்து இரும்பு மண்ணோடு பூட்டிக்கொள்ளும். கார மண்ணுக்கு வேண்டியது இரும்பு இடிடிஹெச்ஏ (EDDHA). கரைத்தால் ஆழ்ந்த ஒயின் சிவப்பில் இருக்கும், தரையில் சிந்தினால் கறை போகாது, கவனம். அன்னபேதி உப்பு என்கிற இரும்பு சல்பேட்டும் சுண்ணாம்பு மண்ணில் ஊற்றினால் சீக்கிரமே பயனற்றுப்போகும். இந்தத் தவறை நம்பி யாராவது வாங்கியிருந்தால் மன்னியுங்கள். வாங்கியதை வீணாக்க வேண்டாம், மிகவும் நீர்க்க விட்டு மாலை வேளையில் இலைமேல் தெளிக்கலாம், கொஞ்சம் பலன் தரும்.

வினிகர் ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். மண்ணின் தன்மையை அது மாற்றாது, வேரைத்தான் சுடும்.

இன்னொன்று, எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? கெட்டித்தன்மை உள்ள நிலத்தடி நீர் என்றால் ஒவ்வொரு வாளியிலும் கொஞ்சம் சுண்ணாம்பு போய்ச் சேர்கிறது. மழைநீர் பிடித்துவைக்க வழியிருந்தால் இந்த மரத்துக்கென்று ஒதுக்குங்கள்.

9 மார்ச் 2022

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அடிமரம் தரையிலிருந்து நேராக, விளக்குக் கம்பம் நட்டது போலக் கிளம்புகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. மரம் தரையைத் தொடும் இடத்தில் யானைக் கால் போலக் கொஞ்சம் விரிய வேண்டும். விரிவு தெரியவில்லை என்றால் ஆழமாக நட்டிருக்கிறது, அல்லது பிறகு மண் சேர்ந்திருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம். கை விரலால் அடிமரத்தை ஒட்டி மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அரை மணி கழித்துச் செய்தால் மண் இளகிக் கொடுக்கும்.

13 மார்ச் 2022

நான்கு விரற்கடை ஆழத்தில் விரிவு தெரிந்தது என்கிறீர்கள். அதுதான். அந்த மேல் மண்ணை மரத்தைச் சுற்றி ஒரு முழம் வரைக்கும் மெதுவாக எடுத்துவிடுங்கள். அடியில் இருக்கும் பட்டை கறுத்து ஈரமாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், காற்றுப் பட்டால் தேறும். இத்தனை வருடம் கழுத்து வரை மண்ணுக்குள் நின்ற மரம் இப்போதுதான் மூச்சுவிடுகிறது.

20 மார்ச் 2022

செண்பகத்துக்கு வருகிறேன். உங்களிடம் சொன்னவர் ஏறக்குறைய சரியாகத்தான் சொன்னார். இரண்டும் ஒரே மரமில்லை, ஆனால் ஒரே பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் செண்பகத்தை மிக்கேலியா சம்பாகா என்று தனிப் பேரினத்தில் வைத்தார். இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலியின் நினைவாக வந்த பெயர். இப்போது பெரும்பாலான தாவரவியலாளர்கள் மிக்கேலியாவை மக்னோலியாவுக்குள் சேர்த்துவிட்டார்கள், செண்பகத்தின் பெயர் மக்னோலியா சம்பாகா. மக்னோலியா என்ற பெயர் பிரான்ஸின் மோன்பெலியே நகரத் தாவரவியலாளர் பியேர் மக்னோலைக் கௌரவித்து 1703-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிளூமியே வைத்தது.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பூ எங்கே வருகிறது என்று பாருங்கள். உங்கள் மரத்தில் கிளை நுனியில். செண்பகத்தில் இலைக்கக்கத்தில், அதாவது இலை கிளையோடு சேரும் இடத்தில். அதனால் செண்பகத்தின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வந்து பூ கூடவும் செய்யும். உங்கள் மரத்தில் அதே வேலையைச் செய்தால் நஷ்டம். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், ஆனால் ஒரே மாதிரி வளர்க்க முடியாது.

21 மார்ச் 2022

நேற்று எழுதிவிட்டு ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. செண்பகத்தை வண்டு அணுகாது என்று பழைய கவிகள் சொல்வார்கள். அவர்கள் வண்டு என்றது தேன் குடிக்க வரும் கருவண்டையும் தேனீயையும்தான். செண்பகத்தில் குடிக்கத் தேன் இல்லை என்றே சொல்லலாம், கவிகள் கவனித்தது பொய்யில்லை. ஆனால் மக்னோலியா இனம் மிகப் பழையது, தேனீக்கள் பெருகுவதற்கு முன்பே பூமியில் பூத்தது. இந்தப் பூக்களுக்கு மகரந்தம் சுமந்தது கெட்டி ஓடு மூடிய வண்டுகள். அவை கடித்து மென்று உழப்பும் என்பதால்தான் நடுவிலிருக்கும் சூலகம் அத்தனை கெட்டியாக இருக்கிறது.

இரவு டார்ச் எடுத்துப் போய் என் செண்பகத்தின் விரியத் தொடங்கிய ஒரு பூவைப் பார்த்தேன். இதழ்களின் அடியில், எள்ளைவிடச் சிறிய பழுப்பு வண்டுகள் மூன்று. வெளிச்சம் பட்டதும் இன்னும் உள்ளே நுழைந்துகொண்டன. வண்டு அணுகாத பூவுக்குள் வண்டு! தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக இருப்பதால்தான் எனக்கு இது இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்தது.

17 ஏப்ரல் 2022

இலை கொட்டுகிறது என்று பதற்றமாக எழுதியிருக்கிறீர்கள். எந்த இலை? உள்பக்கத்துப் பழைய இலை மஞ்சளாகிப் பழுப்பாகி விழுந்தால் அது இயல்பு. பசுமை மாறா மரம் என்றால் இலையே உதிராது என்று அர்த்தமில்லை. இந்த மரத்து இலை இரண்டு வருடம்போல இருக்கும், புதுத் துளிர் வரும் பருவத்தில் பழையது விழும். பெருக்கித் தள்ளாதீர்கள். தடித்த இலை என்பதால் மக்க நாளாகும், ஒடித்துப் போட்டு மூடாக்காக்குங்கள்.

2 ஜூலை 2022

புதுத் துளிர் பச்சையாக வந்திருக்கிறது என்ற செய்தி. நல்லது. ஏற்கெனவே மஞ்சளான இலைகள் முழுதாகப் பச்சைக்குத் திரும்பாது, அதைப் பார்த்து மறுபடி மருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். உரமும் இந்த வருடம் போதும். தழைச்சத்து கூடினால் இலைதான் கொழிக்கும்.

தண்ணீர் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட வாரத்துக்கு ஒரு முறை நிதானமாக, ஒரு சாண் ஆழம் நனையும்படி ஊற்றுங்கள். மண் கொதிக்கும் கோடையில் இரண்டு முறை. தேங்கி நிற்கக் கூடாது, சதைப்பற்றான வேர் சீக்கிரம் அழுகும்.

5 ஆகஸ்ட் 2022

இன்னொருவர் கேட்டது: தண்டில் சிப்பி சிப்பியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, இலை கறுப்பாகிறது, எறும்பு ஏறுகிறது. செதில் பூச்சி. அது விடும் இனிப்புக் கழிவின் மேல் கரும்பூசணம் பிடிக்கும், அந்த இனிப்புக்குத்தான் எறும்பு. கறுப்பைத் துடைத்துப் பயனில்லை, பூச்சியை எடுங்கள். பழைய துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு கிளையாக அழுத்தித் துடைத்தேன் நான், இரண்டு மாலைப் பொழுது ஆனது. தப்பியவற்றுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். ஓடு கட்டிய பெரிய பூச்சிமேல் மருந்து ஏறாது, குஞ்சு பொரித்து ஊரும் சமயத்தில் தெளிப்பதுதான் கணக்கு.

19 செப்டம்பர் 2022

செண்பக இலையைப் புழு தின்கிறது, மருந்து அடிக்கலாமா என்ற கேள்விக்கு: அடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பச்சையாக, முன்பக்கம் பருத்து, சின்ன முட்களோடு இருந்தால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கொம்பு போல ஒன்றை நீட்டி வாடை விடும். அது வால் முளைத்த, கருப்பில் பச்சைப் புள்ளி வைத்த ஒரு அழகிய பட்டாம்பூச்சியின் புழு. பூவில் உட்கார்ந்து தேன் குடிக்கும்போதுகூடச் சிறகு படபடத்துக்கொண்டே இருக்கும். நெட்டிலிங்கமும் சீதாவும் செண்பகமும்தான் அதற்கு வீடு. வளர்ந்த மரத்துக்குப் பத்து இருபது இலை போனால் ஒன்றுமில்லை. கையளவு கன்று என்றால் மட்டும் புழுவை எடுத்துப் பெரிய மரத்தில் விடுங்கள்.

8 அக்டோபர் 2022

விதைக்காரர்களுக்கு. கதிர் போன்ற காய் வெடித்து, சிவப்பு விதைகள் மெல்லிய வெள்ளை நூலில் தொங்கும்போது எடுக்க வேண்டும். சிவப்புத் தோல் முளைப்பைத் தடுக்கும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கிக் கழுவினால் உள்ளே கறுப்பு விதை. செண்பக விதையை உடனே போட்டுவிடுங்கள். காய்ந்துபோனால் சில வாரத்திலேயே முளைப்புத் திறன் இறங்கிவிடும். குளிர் நாட்டு வகைகளுக்கு இதற்கு நேர்மாறான வேலை: ஈர மணலில் கலந்து குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் வைத்தால்தான் தூக்கம் கலையும்.

வெண்செண்பகத்துக்கு விதை தேடி அலையாதீர்கள். அது கலப்பினம், பெரும்பாலும் விதை பிடிக்காது. விண்பதியன் (கிளை மரத்தில் இருக்கும்போதே அதை வேர்விட வைப்பது) அல்லது ஒட்டுதான் வழி.

9 அக்டோபர் 2022

ஒட்டு என்றதும் ஞாபகம் வந்தது. உங்கள் மரத்தின் அடியில் முடிச்சு போல வீக்கம், அல்லது பட்டையின் நிறம் மாறும் கோடு இருக்கிறதா? இருந்தால் ஒட்டுச்செடி. அதன் கீழிருந்து கிளம்பும் எந்தக் கிளையும் அடியில் வேராக நிற்கும் செடியுடையது, உடனே நீக்க வேண்டும். என் ஒட்டுச் செண்பகத்தில் அப்படி ஒரு கிளை வேகமாக வளர்ந்தது. திடமாக இருக்கிறதே என்று நானும் வளர விட்டேன். மூன்று வருடத்தில் மேலே கட்டிய ஒட்டு பட்டுப்போய், நான் வாங்காத மரம் ஒன்று அந்த இடத்தில் நின்றது.

12 அக்டோபர் 2022

முடிச்சு இல்லையா? அப்படியென்றால் பெரும்பாலும் விதைக்கன்றுதான். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இந்த வகை விதைக்கன்று பூக்கப் பத்து வருடம் எடுப்பது சாதாரணம், பதினைந்தும் ஆகலாம். நட்டபோது இரண்டு மூன்று வயது இருந்திருக்கும், ஆக இப்போது ஒன்பதுபோல. முதலில் நான் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்: பூக்காததற்கு நுனி வெட்டும் ஆழ நடவும் காரணமாக இருக்கலாம், ஆனால் மரத்துக்கு இன்னும் வயது வரவில்லை என்பதும் சம அளவு சாத்தியம்.

இமயமலையில் வளரும் காம்ப்பெல்லி மக்னோலியா விதையிலிருந்து பூக்க இருபது முப்பது வருடம் எடுக்கும். இளஞ்சிவப்பில், இலையில்லாத பெரிய மரம் முழுக்கப் பூக்கும். தாங்கள் பார்ப்போமா என்று தெரியாமலே அதை விதைத்தவர்களை நினைத்துக்கொள்வேன். சுலாஞ்ச்-போதான் என்ற பிரெஞ்சுக்காரர் நெப்போலியனின் படையில் இருந்தவர். போர்கள் முடிந்து தோட்டத்துக்குத் திரும்பி 1820-இல் இரண்டு சீன மக்னோலியாக்களைக் கலந்தார். அந்தக் கன்று 1826-இல் முதல் பூ பூத்தது. வெளியே ஊதாச் சிவப்பும் உள்ளே வெண்மையுமாக உலகெங்கும் தோட்டங்களில் நிற்கும் கிண்ணப்பூ அதுதான்.

26 ஜனவரி 2023

குளிர் பிரதேசத்தில் இருப்பவர் கேட்டார்: அந்தக் கிண்ணப்பூ வகை, பூ விரிந்த மறுநாளே பழுப்பாகிவிட்டது, நோயா? உறைபனி. காலை வெயில் நேராகப் படும் இடம் என்றால் உறைந்த இதழ் வேகமாக இளகி இன்னும் கெடும். புதிதாக நடுபவர்கள் அந்த மூலையைத் தவிர்க்கலாம். இடம் குறைவாக இருந்தால் ஜப்பானிய நட்சத்திர மக்னோலியா பாருங்கள், புதர் அளவுதான் வளரும், சின்ன வயதிலேயே பூக்கும்.

14 மே 2024

ஒரு வருடத்துக்கு மேல் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு இன்றைக்கு ஒரு படம் மட்டும் போட்டிருக்கிறீர்கள். கிளை நுனியில், கட்டைவிரல் நீளத்தில், வெளிர்ப் பச்சை மொட்டு. இலை மொட்டு இவ்வளவு பருமனாக இருக்காது. பூதான்! எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

15 மே 2024

இன்னும் சில நாளில் விரியும், அதற்குள் இரண்டு விஷயம். விரிந்த முதல் நாள், மகரந்தத்தை ஏற்கும் சூல்முடிகள் சுருண்டு ஈரமாக இருக்கும், அது பெண் நிலை. பிறகு பூ கொஞ்சம் மூடித் திறக்கும். அப்போது மகரந்தத் தாள்கள் தீக்குச்சி சிதறியது போல இதழ்க் கிண்ணத்துக்குள் உதிர்ந்து கிடக்கும். கெட்டுப்போனது என்று நினைத்துவிடாதீர்கள், ஆண் நிலை அப்படித்தான் இருக்கும். மூன்று நாலு நாளில் முழுக்கப் பழுப்பாகிவிடும்.

இதழை விரலால் தொட வேண்டாம். தொட்ட இடத்தில் சற்று நேரத்தில் பழுப்புக் கறை விழும், என் முதல் பூவில் என் கட்டைவிரல் ரேகை தெரிந்தது. உயரத்தில் இருந்தால் ஏணி வைத்து முகத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். காலையில் போங்கள். எலுமிச்சை மணம் வருகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.